நின்றது, நிற்கவில்லை

நாலு இருபத்தெட்டுக்கே கோமதி பேனருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். யார் வீட்டுப் பெண்ணுக்கோ பூப்புனித நீராட்டு விழா. விழா முடிந்து பத்து நாளாயிற்று, பேனரை அவிழ்க்க மட்டும் இன்னும் ஒருத்தருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், இல்லையென்றால் இந்த பஸ் ஸ்டாப்பில் ஒளிந்துகொள்ள ஒரு வேப்பமரமும் டீக்கடையும் தவிர வேறு என்ன இருக்கிறது? காற்று பேனரைப் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க அங்கங்கே கத்தியால் கீறி விட்டிருந்தார்கள். அதில் ஒரு கீறல், வாழ்த்துச் சொல்லிக் கும்பிடுகிற தாய்மாமன் ஒருவரின் சட்டைப் பைக்கு நேராக, சரியாக அவள் கண் உயரத்தில் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் ரோடு தெரிந்தது, ஸ்டாப் தெரிந்தது, டீக்கடை பெஞ்சில் பாதி தெரிந்தது. காலுக்கு அடியில் ஆட்டுப் புழுக்கை. கழுத்தில் கொசு. கையில் பரீட்சை அட்டை, அதில் கிளிப் போட்ட அட்டவணை, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. மாவட்டத்தில் பள்ளிக்கு ஒரே ஒரு ஆள் என்று பொறுக்கியெடுத்த ஆள், அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி பதினொன்றாம் வகுப்பு மாணவி சங்கரகோமதி, பதினெட்டாவது நாளில் ஒரு தாய்மாமனின் சட்டைப் பை வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதற்குப் பெயர் தனி ஆய்வு. ஒரு அறக்கட்டளை நடத்துகிறது, நன்றாக எழுதுகிறவர்களைச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பத்து நாள் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார்களாம். கோமதி திருநெல்வேலிக்கு மேல் போனதில்லை, அதுவும் ஆஸ்பத்திரிக்குத்தான். திங்கட்கிழமை காலை அறிக்கையைக் கொடுக்க வேண்டும். இன்று வெள்ளி. அட்டவணையில் முப்பத்து நாலு வரிசை. முப்பத்து நாலிலும் ஒரே வார்த்தை. நின்றது, நின்றது, நின்றது. கடைசிக் கட்டத்தில் ‘நிற்கவில்லை’ என்று அவள் அளவுகோல் வைத்து அழகாகக் கோடு போட்ட பத்தி காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

பெண்கள் மட்டும் நின்றால் டவுன் பஸ் நிற்காது. இதுதான் தலைப்பு, இதுதான் கருதுகோள், இதுதான் ஊருக்கே தெரிந்த விஷயம். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனதிலிருந்து, கூட்டமாகச் சேலையும் சுடிதாரும் மட்டும் கண்ணில் பட்டால் சில டிரைவர்களுக்கு பிரேக் இருக்கிற இடம் மறந்துபோகிறது. ஒரு ஆண் நின்றால் ஞாபகம் வந்துவிடுகிறது. அதை எண்ணிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கலப்பாக ஆள் நிற்கிற நாலு ஐம்பது பஸ்ஸை ஒரு பக்கம், தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் அம்மாவும் மற்றப் பெண்களும் ஏறுகிற ஐந்து நாற்பது பஸ்ஸை இன்னொரு பக்கம் எழுத வேண்டும். எவ்வளவு எளிது, எவ்வளவு சுத்தம் என்று ஜெபமணி சார் முதல் நாள் மெச்சிக்கொண்டார். பொருளாதார சார், ஆய்வுக்கு வழிகாட்டி. வழிகாட்டி என்றால் வழி காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போடுகிற இடத்தைத்தான் காட்டினார். நேற்று அட்டவணையை நீட்டியபோது மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “என்னம்மா, எல்லாமே நின்னுருக்கு?” என்றார். நின்றது சார். “பெறவு ஆய்வுல என்ன இருக்கு?” அதுதான் சார் தெரியலை. அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வாலிபால் கோர்ட்டைப் பார்த்தார். “ஒண்ணு பண்ணு. ஒரு பத்து எடத்துல நிக்கலைன்னு மாத்திரு. நீ என்ன பொய்யா எழுதுத, உள்ளதுதான? ஊருக்கே தெரியுமே.” ஊருக்கே தெரிந்ததை எதற்கு சார் ஆய்வு செய்ய வேண்டும் என்று கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நாக்கு அவளுக்கு எப்போதும் இரண்டு அடி முன்னால் போகும். சார் கண்ணாடியைக் கீழே இறக்கி, “அப்போ உன் இஷ்டம்” என்றார். உன் இஷ்டம் என்று சொல்கிறவர்கள் யாரும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. பத்து இடம். ஏன் பத்து? எட்டு என்றால் ஆகாதா, பதினொன்று என்றால் ஆகாதா? இரவு பாயில் படுத்துக்கொண்டு எந்தப் பத்து என்று அவளே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள், செவ்வாய் ஒன்று, வியாழன் இரண்டு என்று. போட்டுப் பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. மாற்றினால் யார் கண்டுபிடிப்பார்கள்? யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை, ஒருத்தரும் கண்டுபிடிக்காத ஒன்றை ஏன் பதினேழு நாள் வெயிலில் நின்று எழுதினோம் என்று தோன்றியது.

தப்பு எங்கே நடந்தது என்றும் அவளுக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் முதலில் பேச்சி சித்தி மேல் பழியைப் போடுவாள், பாதி வழியில் பழி திரும்பி வந்து தன்மேல் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் ஐந்து நாற்பதுக்கு இரண்டு ஆண்கள் ஸ்டாப்பில் நின்றார்கள், பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகு அம்மா கேட்டாள், “அட்டைய வச்சுட்டு என்னட்டி எழுதுத?” கோமதி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? அம்மாவோடு வேலை பார்க்கிற ஆறு பேருக்கும், பஸ் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, கருதுகோள் என்றால் என்ன, பெண்கள் மட்டும் நிற்பது ஏன் முக்கியம் என்று வகுப்பே எடுத்தாள். கண்டக்டர் இரண்டு சீட் தள்ளி நின்று சில்லறையை எண்ணுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சி சித்தி அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, அவளுக்கு ஒரு விஷயத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளத் தெரியாது. மறுநாள் ஏறும்போதே கண்டக்டரிடம், “எங்க கோமதி எழுதுது பாத்துக்கோரும், நீரு நிப்பாட்டுதீரா இல்லையான்னு. நேரா கலெக்டருக்குப் போவுதாம்” என்று சொல்லிவிட்டாள். கலெக்டர் எங்கே வந்தார்? யார் வரச் சொன்னது? அதோடு விட்டார்களா? ஆண் நின்றால் புள்ளையின் படிப்பு கெட்டுப்போகும் என்று, தினமும் ஐந்து முப்பத்தைந்துக்கு டீக்கடைப் பக்கம் நிற்கிற ஆண்களை விரட்டினார்கள். “ஏ அண்ணாச்சி, கடைக்குப் பின்னால போயி நில்லுங்க, பஸ்ஸு நின்னப் பெறவு வந்து ஏறுங்க.” மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடைக்குப் பின்னால் பாலிதீன் குவியலுக்குப் பக்கத்தில் நல்லபிள்ளையாக நிற்பார். ஒருநாள் ஓடிவந்து ஏற முடியாமல் பஸ்ஸை விட்டார், அப்படியும் மறுநாள் வந்து நின்றார். ஆய்வுக்காக இவ்வளவு செய்கிறவர்களிடம், நீங்கள் செய்வதெல்லாம் ஆய்வைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? அட்டையும் பேனாவுமாக யூனிபார்மில் ஒருத்தி நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, டிரைவர் மாப்பிள்ளை கார் மாதிரி பஸ்ஸை மெல்லக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் நிறுத்தினார். படிக்கட்டு சரியாக அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றது. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். “இன்னும் ஒரு மாசம் எழுதேன்ட்டி” என்று போன புதன்கிழமை பேச்சி சித்தி நிஜமாகவே கெஞ்சினாள். ஆய்வு முடியக் கூடாதாம். தலைப்பைப் பொய்யாக்கிவிட்டு, அந்தப் பொய்யிலேயே சௌக்கியமாக உட்கார்ந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாலு ஐம்பது பஸ் நாலு ஐம்பத்தாறுக்கு வந்தது. பாலிடெக்னிக் பையன்கள், இரண்டு வாழைத்தார், ஒரு கோழிக்கூடை, நாலைந்து பெண்கள். நின்றது. கோமதி எழுதினாள், முப்பத்தைந்து. பஸ் போன புழுதி கீறல் வழியாக உள்ளே வந்து கண்ணில் விழுந்தது. இன்றைக்கு அவள் இல்லாமல் ஐந்து நாற்பது வரும். அவள் இல்லை என்றுதான் டிரைவர் நினைப்பார், அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள், காலையில் தலை பின்னும்போதே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, ஏழு பத்து பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியாயிற்று. பொய் சொல்வது இவ்வளவு லேசு என்றால் பத்து இடத்தில் மாற்றி எழுத மட்டும் ஏன் கை வரவில்லை? இது வேறு பொய், அது வேறு பொய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எப்படி வேறு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் இல்லாமல் பஸ் நிற்காவிட்டால் தரவு கிடைக்கும். நின்றுவிட்டால்? நின்றுவிட்டால் அவள் நினைத்ததெல்லாம் தப்பு, ஊர் நினைத்ததும் தப்பு, பாவம் அந்த டிரைவர் யோக்கியன். ஆனால் தப்பில்லை, அவளுக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரம், காலை பஸ்ஸுக்கு ஊர் ஸ்டாப்பில் அம்மாவும் அவளும் இன்னும் மூன்று பெண்களும் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். பஸ் வேகம் குறைந்தது, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள், குறைந்த வேகம் அப்படியே கூடிப் போய்விட்டது. அம்மா தூக்குவாளியோடு ஓடினாள். அதற்கு முன் அம்மா ஓடி கோமதி பார்த்ததே இல்லை. குதிங்கால் வலிக்காரி, காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால்தான் பாதம் தரையில் படியும். நின்றுகொண்டே பார்க்கிற வேலை, நாள் முழுக்க. அப்படிப்பட்டவள் சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க” என்று கத்திக்கொண்டு ஓடினாள். பின் படிக்கட்டில் தொங்கிய எவனோ ஒருவன் சிரித்தான். ஓசிக்கு இவ்வளவு ஓட்டமா என்று சொன்னான், அல்லது சொன்ன மாதிரி கோமதிக்குக் கேட்டது, இந்த ஐந்து மாதத்தில் அதை அவளால் உறுதிப்படுத்த முடியவில்லை. சாம்பார் கொட்டியது. அதை அட்டவணையில் எங்கே எழுதுவது? சாம்பாருக்குப் பத்தி கிடையாது. சாரிடம் சொன்னால், அது ஒரு சம்பவம்மா, தரவு ஆகாது என்பார். சரிதான், ஒரு சம்பவம் தரவு ஆகாது. ஆனால் அந்த ஒரு சம்பவத்துக்காகத்தான் அவள் இந்தத் தலைப்பை எடுத்தாள். இப்போது என்னவென்றால் அதே அம்மா இன்னொரு தடவை அப்படி ஓட வேண்டும் என்று இவள் பேனருக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கிறாள். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் மாட்டிய பாவாடை மாதிரி நின்றுவிட்டது. ஓட வேண்டாம், ஓடாமல் நின்றால் போதும் என்று திருத்திக்கொண்டாள். பஸ் போகட்டும், அம்மா ஓடாமல் இருக்கட்டும். திருத்தினாலும் அடியில் உள்ளது அதேதான். பெற்ற தாயைப் பஸ் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற மகள் உலகத்தில் வேறு எங்கே இருப்பாள்? யாரிடம் வேண்டிக்கொள்வது என்றும் தெரியவில்லை, எந்தச் சாமியும் இதை வாங்கிக்கொள்ளாது. காலை மாற்றி வைத்தாள். கொசு இப்போது முழங்கையில் கடித்தது.

ஐந்து இருபத்திரண்டுக்கு அவர்கள் குரல் முதலில் வந்தது, பிறகு ஆட்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், எல்லோரும் ஒருவருக்கொருவர் கத்திப் பேசுவார்கள், நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவர்கள். கோமதி கீறலில் கண்ணை வைத்து எண்ணினாள். அம்மா, பேச்சி சித்தி, இன்னும் ஐந்து பேர். ஏழு. அம்மா வழக்கம்போல இடது காலைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து வந்தாள். வந்ததும் வராததுமாக, “எங்க முத்துக்கனி மதினி மவ?” என்று யாரோ அம்மாவைப் பார்த்துக் கேட்டதற்கு, பேச்சி சித்தி அம்மாவுக்கு முந்திக்கொண்டு, “கிளாஸாம், இன்னைக்கு எழுத ஆளு கெடையாது, என்ன ஆவப்போவுதோ” என்றாள். அதில் நிஜமான கவலை இருந்தது, விளையாட்டு இல்லை. இப்போது வெளியே போய் நின்றால் என்ன? அட்டையோடு இரண்டு அடி முன்னால் போனால் போதும். பஸ் நிற்கும், அம்மா உட்கார்ந்துகொண்டு ஊருக்குப் போவாள், முப்பத்தாறாவது வரிசையிலும் நின்றது. திங்கட்கிழமை சாரிடம், மன்னிக்கணும் சார், தலைப்பு தப்பு என்று சொல்லிவிடலாம். சென்னைக்கு வேறு யாராவது போவார்கள், பாளையங்கோட்டையில் எந்தப் பள்ளியிலோ எவளாவது செடிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டி வளர்த்திருப்பாள், செடி என்ன கண்டக்டரிடமா சொல்லப்போகிறது? அம்மா அப்போது கீழே குனிந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். குனிந்தவள் அப்படியே கொஞ்ச நேரம் பேனர் பக்கமாகப் பார்த்தாள். கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நிமிர்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, டீக்கடைப் பக்கம் திரும்பினாள். அங்கேதான் அடுத்த தொல்லை உட்கார்ந்திருந்தது. சுடலைமுத்து மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்று எழுத ஆளில்லையே என்ற தைரியத்தில் நேராக ஸ்டாப்புக்கே வந்து நின்றார். போச்சு. ஒரு வேட்டி நின்றால் முடிந்தது, பஸ் அவருக்காக நிற்கும், பதினெட்டு நாளும் பாழ். மாமா, தயவுசெய்து போங்கள், அந்தப் பாலிதீன் குவியலுக்கே போங்கள் என்று அவள் மனசுக்குள் கத்தினாள். அவளுக்கே சிரிப்பு வருகிற மாதிரி ஆகிவிட்டது. பதினேழு நாள் எந்த வேலையை இவர்கள் செய்யக் கூடாது என்று தலையில் அடித்துக்கொண்டாளோ, அதை இன்றைக்கு ஒரு நாள் செய்ய மாட்டார்களா என்று ஏங்கினாள். அம்மாதான் வாயைத் திறந்தாள். “அண்ணாச்சி, நீங்க அங்கிட்டுப் போயி நில்லுங்க.” அவர் திகைத்துப்போனார். “இன்னைக்கு என்னத்துக்குத்தா? புள்ளதான் இல்லையே?” அம்மா கடைப் பக்கம் கையைக் காட்டினாள். “போங்களேன் அண்ணாச்சி. சும்மாதான் சொல்லுதேன்.” அவர் முணுமுணுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். பழக்கதோஷம் என்று கோமதி நினைத்தாள்.

ஐந்து நாற்பத்து நாலு. வளைவில் பஸ்ஸின் நெற்றி தெரிந்தது. பெண்கள் பைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ரோட்டு ஓரத்துக்கு வந்தார்கள். ஏழு கையும் நீண்டன. கோமதி கீறலை விரலால் கொஞ்சம் அகலமாக்கினாள், ஃப்ளெக்ஸ் சரசரத்தது. நில் என்று நினைத்தாள். நிற்காதே என்று நினைத்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியாது என்பார்கள். முடிந்தது, இரண்டும் நன்றாகவே சேர்ந்து வந்தன. இன்னும் நேரம் இருந்தது, இரண்டு அடிதான், ஓடினால் போதும், அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினால் போதும். டிரைவர் முகம் தெரிகிற தூரம் வந்துவிட்டது. அவர் ஸ்டாப்பைப் பார்த்தார், நிச்சயமாகப் பார்த்தார். கண்கள் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை ஒருதரம் போய் வந்தன. யாரைத் தேடினார் என்று கோமதிக்குத் தெரியும். தேடிய ஆள் இல்லை. அவள் கால் நகரவில்லை. ஏன் நகரவில்லை என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தாலும், சென்னைக்காக என்றோ உண்மைக்காக என்றோ அவளால் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஹாரனை ஒரு அழுத்து அழுத்தியது, பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள், அம்மாவின் நீட்டிய கைக்கும் பஸ் தகரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம். “ஏ, நிப்பாட்டுடா” என்று பேச்சி சித்தி பின்னாலேயே பத்துப் பதினைந்து அடி ஓடினாள். கடைக்குப் பின்னாலிருந்து சுடலைமுத்து மாமா வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, காலி ரோட்டையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே கையை இறக்கிக்கொண்டாள். கோமதி எழுதினாள். முப்பத்தாறு. நேரம் ஐந்து நாற்பத்தைந்து. காத்திருந்த பெண்கள் ஏழு. நிற்கவில்லை. பதினேழு நாள் காலியாக இருந்த பத்தியில் எழுத்து விழுந்ததும் ஒரு கணம், ஒரே ஒரு கணம், சந்தோஷமாக இருந்தது. உடனே அவ்வளவு வெட்கமாகிவிட்டது, எழுதிய கையைப் பாவாடையில் துடைக்க வேண்டும் போல இருந்தது. போட்டிருந்தது சுடிதார், அதில்தான் துடைத்தாள்.

பேச்சி சித்தி திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, டிரைவரின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். சுடலைமுத்து மாமாவை வழியில் பைக்கில் வந்த ஒருவன் அடுத்த நிமிஷமே ஏற்றிக்கொண்டு போனான். ஏழு பெண்களை யார் பைக்கில் ஏற்றுவது? ஏழு பத்து வரை நிற்பதா, நாலு கிலோமீட்டர் நடப்பதா என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு வைக்க வேண்டும் என்று எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். கோமதி அவர்கள் போகட்டும் என்று காத்திருந்தாள். இனிமேல்தான் நிஜமான தொல்லை என்று நினைத்துக்கொண்டாள். ஏழு பத்து பஸ்ஸில் போய் இறங்கி, வீட்டில் அம்மா வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க வேண்டும், பஸ் நிற்கலையாம்மா என்று தெரியாத மாதிரி கேட்க வேண்டும், கேட்கிற குரலை இப்போதே தயார் செய்ய வேண்டும். அறிக்கையில் என்ன எழுதுவது என்பது அதற்கும் பிறகு. ஒளிந்து நின்றதை எழுதினால் சார் சிரிப்பார், எழுதாவிட்டால் இந்த வரிசையும் பொய். முப்பத்தைந்துக்கு எதிராக ஒன்று. இதை வைத்து ஒரு மண்ணும் நிரூபிக்க முடியாது. கீறல் வழியாக மறுபடியும் பார்த்தாள். ஆறு பேர்தான் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஆள் பேனரைச் சுற்றிக்கொண்டு வந்து, கம்பைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னாலேயே நின்றாள்.

“எழுதிட்டியா?” என்றாள் அம்மா.

கோமதி தயார் செய்யாத கேள்வி.

“கீழ காலு தெரியுது. அந்தச் செருப்புக்கு வாரு தைச்சதே நாந்தான், எனக்குத் தெரியாதா?”

“அப்பவே பாத்துட்டியா? பாத்துட்டா கூப்பிட வேண்டியதுதானம்மா!”

“கூப்பிட்டா நிப்பாட்டிருவாம்லா.”

அம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோமதி கோபப்பட்டாள். “நீ சரியா கை காட்டுனியா? தெரிஞ்சுட்டு வேணும்னே காட்டாம இருந்தா அது கணக்குல வராது.”

“நல்லாத்தான் காட்டுனேன். பொய்க்கா காட்டுவாங்க? நின்னுருந்தா ஏறித்தான் போயிருப்பேன்.” அம்மா கம்பிலிருந்து கையை எடுத்து, இடது காலை மெதுவாகத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். “ஒண்ணு போதுமாட்டி?”

“போதாது.”

“போதாதா! பெறவு என்ன எழவுக்கு எங்கள நடக்க விடுத?”

“உள்ளத எழுதத்தான்” என்றாள் கோமதி. அழுகை வந்துவிட்டது. “எப்படி நின்னேன், எங்க நின்னேன், நீங்க மாமாவ வெரட்டுனது, பேச்சி சித்தி கலெக்டர்னு சொன்னது, நான் நின்னா மட்டும் டிரைவரு நிப்பாட்டுதது, எல்லாத்தையும் எழுதிருவேன். சென்னைக்குப் போவலைன்னா போவுது.”

அம்மா அட்டையை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள்தான், ஆனால் எண் நன்றாகத் தெரியும். விரலைக் கடைசி வரிசையில் வைத்து நகர்த்திக்கொண்டு போனவள், ஒரு கட்டத்தில் நின்றாள்.

“இது என்ன, ஏழுன்னு போட்டிருக்க?”

“ஆளு. காத்திருந்த பொம்பளையாளு.”

“தப்பு” என்றாள் அம்மா. “உன்னய யாரு எண்ணுவா? எட்டுன்னு போடு. நீயும் எங்ககூட நடக்கத்தான போற?”

கோமதி அட்டையைத் திரும்ப வாங்கி, ஏழு என்பதை அடித்தாள். மேலே எட்டு என்று எழுதினாள். பேனா சரியாக ஓடவில்லை, இரண்டு தடவை அழுத்தி எழுத வேண்டியிருந்தது.